ஏரிக்கரைக்குக் கட்டுச்சோறு

டொராண்டோவில் நன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஸ்படைனா அவென்யூவில் சீனச் சாப்பாடு, டான்ஃபோர்த்தில் கிரேக்கம், ஜெரார்டு தெருவின் கிழக்கில் லாகூரும் பஞ்சாபும், இன்னும் கிழக்கே போனால் ஸ்கார்பரோவின் பிளாசாக்களில் யாழ்ப்பாணம். நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். அவரவர் அம்மாவின் சமையலை அவரவர் பேட்டையில் கடையாகப் போட்டுவிட்டார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் டைலர் கோவன் 2015இல் ஸ்கார்பரோவைச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு, இப்படியொரு புறநகரைத் தான் பார்த்ததில்லை என்கிற தொனியில் எழுதினார். இலங்கையில் பிறந்த உணவு எழுத்தாளர் சுரேஷ் டாஸ், சிபிசி வானொலியில் இந்தப் பிளாசாக் கடைகளைப் பற்றி வருடக்கணக்காகப் பேசிவருகிறார். மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு வாசல், அதற்குள் ஒரு நாட்டின் சமையல் என்பது இங்கே சாதாரணம்.

ஏரியோ ஊரின் தெற்கு எல்லை முழுவதும் கிடக்கிறது. ஐம்பெரும் ஏரிகளில் ஒன்டாரியோ ஏரிதான் பரப்பில் சிறியது. அப்படியும் சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். இலங்கையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அலையடிக்கிறது, மணல் இருக்கிறது, சாதாரண நாளில் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. உப்புக்காற்று இல்லை என்பதைத் தவிரக் கடலுக்குரிய எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பசித்தால் கிடைப்பது ஆறிப்போன பொரித்த உருளைக்கிழங்கு.

ஆகஸ்ட் கடைசியில் டொராண்டோ போய்ச் சேர்ந்தேன். தங்கியது ஸ்கார்பரோவில் ஒரு நண்பரின் வீடு. எண்பதுகளின் இலங்கை இனக்கலவரத்துக்குப் பின் வந்தவர், தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு எதிரே ஏரியில் இருக்கும் தீவுகளுக்குப் போகிறேன் என்றதும் அவர் முதலில் சொன்னது வழியை அல்ல.

“அங்க ஒண்டும் வாங்கிச் சாப்பிட வேண்டாம் தம்பி. அக்கா ரோல்ஸ் பொரிச்சுத் தருவா, கொண்டுபோங்கோ.”

அக்கா என்றது அவர் மனைவியை. நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பயணி என்பவன் போன இடத்துச் சோற்றைத் தின்ன வேண்டும் என்று எனக்கொரு கொள்கை.

யூனியன் ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் முதலில் தண்டவாளங்களுக்கு அடியில் நுழைய வேண்டும். அடுத்தது கார்டினர் விரைவுச்சாலை, தலைக்கு மேலே தூண்களில் ஓடுகிறது. 1955இல் தொடங்கி 60களின் நடுவில் கட்டி முடித்தது. நகரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ரயில் போட்ட வேலி போதாதென்று கார் இன்னொன்று போட்டது. இரண்டையும் தாண்டினால் ஜாக் லேய்டன் படகுத்துறை. லேய்டன் மாநகர உறுப்பினராக இருந்து தேசியக் கட்சித் தலைவரானவர், 2011இல் இறந்துபோனார். அவர் மனைவி ஒலிவியா சோ 2023இல் மேயரானார். துறைக்கு வெளியே இரட்டை இருக்கைச் சைக்கிளில் லேய்டன் உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறது. முன் இருக்கை காலி, யார் வேண்டுமானாலும் ஏறிப் படமெடுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் விடுவதில்லை.

உள்ளே போனால் கம்பி வேலிகள். படகு வரும்வரை பட்டியில் ஆடுகளை அடைப்பதுபோலக் கூட்டத்தை நிறுத்திவைக்கிறார்கள். கோடை வாரயிறுதியில் ஒரு மணிநேரம்கூட ஆகுமாம். நிழல் குறைவு. துறை 1972இல் கட்டியது, படகுகள் அதற்கும் மூத்தவை. வில்லியம் இங்லிஸ் 1935, சாம் மக்பிரைட் 1939, தாமஸ் ரென்னி 1951, ஒங்கியாரா 1963. ட்ரில்லியம் என்ற நீராவிப் படகு 1910இல் பிறந்தது; பக்கவாட்டில் சக்கரம் சுழலும் வகை. 50களில் ஓரங்கட்டி நீரில் துருப்பிடிக்க விட்டு, மனம் மாறி 1976இல் புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள். மின்சாரப் படகு இரண்டுக்கு 2024இல் டாமென் என்ற டச்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நான் போனபோது, போக வர ஒன்பது டாலர் சொச்சம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கிழட்டுப் படகின் மேல்தளத்தில் நின்றுகொண்டு நகரத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இணையாக அந்த ஊரில் வேறெதுவும் இல்லை. சிஎன் கோபுரமும் வங்கிக் கட்டடங்களும் மெல்லப் பின்வாங்குகின்றன. ஊர் அழகாகத் தெரிய அதைவிட்டு விலக வேண்டியிருக்கிறது.

தீவுகள் என்று இப்போது சொல்கிறோமே தவிர, 1858 வரை அது நிலத்தோடு ஒட்டிய மணல்திட்டு. கிழக்கே ஸ்கார்பரோ மலைச்சரிவிலிருந்து அரித்துவந்த மணலை நீரோட்டம் கொண்டுவந்து குவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அடித்த புயல் கழுத்தை வெட்டித் தனியாக்கிவிட்டது. ஹான்லன்ஸ் பாயின்ட் என்ற மேற்கு முனையில் முன்பு பேஸ்பால் மைதானம் இருந்தது. பேப் ரூத் தொழில்முறை ஆட்டக்காரராகத் தன் முதல் ஹோம் ரன்னை 1914இல் அடித்தது அங்கேதான். 1808இல் தொடங்கிய கலங்கரை விளக்கம் ஒன்று, கரையில் மணல் சேர்ந்துகொண்டே போனதால் இப்போது தண்ணீரைவிட்டுத் தள்ளி மரங்களுக்கு நடுவே நிற்கிறது.

கார் கிடையாது. வில்லோ மரங்கள், கால்வாய்கள், வாத்துகள். 1967இல் திறந்த சென்டர்வில் என்ற குழந்தைகள் கேளிக்கைப் பூங்கா; அதில் 1907இல் செய்த மரக்குதிரை ராட்டினம் ஒன்று ஓடுகிறது. சுற்றிச் சுற்றி வந்ததில் மதியம் தாண்டிப் பசி வந்தது.

வழியில் தென்பட்ட ஒரு ஜன்னல் கடையில் நின்றேன். பலகையில் இருந்தது: ஹாட் டாக், ஹாம்பர்கர், சிக்கன் ஃபிங்கர், ஒரு துண்டு பீட்சா, பொரித்த உருளை, குளிர்பானம், ஐஸ்கிரீம். சிக்கனும் உருளையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கினேன். இருபது டாலருக்கு மேல் ஆயிற்று. சிக்கன் உறைபெட்டியிலிருந்து நேரே எண்ணெய்க்கும், எண்ணெயிலிருந்து சூடேற்றும் விளக்குக்கும் போய், அங்கே நெடுநேரம் இருந்துவிட்டு வந்திருந்தது. மாவுத்தோல் தனி, உள்ளே இருந்தது தனி. உருளைக்கிழங்கு மடிந்தது, முறியவில்லை. விற்ற பெண் கல்லூரி மாணவி, கோடை வேலைக்கு வந்தவள். மிளகுத்தூள் இருக்கிறதா என்று கேட்டதற்கு உண்மையிலேயே வருந்தினாள். கெட்ச்சப் பொட்டலங்களை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். பக்கத்து மேசையில் ஒரு பிலிப்பினோ குடும்பம் அலுமினியத் தட்டைத் திறந்து நூடுல்ஸைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் முகர்ந்து பார்க்கும்படி இருந்த ஒரே உணவு அதுதான்.

இந்தத் தீவில் ஒரு காலத்தில் கடைவீதி இருந்தது என்பது அங்கே உட்கார்ந்திருக்கையில்தான் உறைத்தது. மனிடூ ரோடு என்று பெயர். ஹோட்டல்கள், தேநீர்க் கடைகள், சினிமாக் கொட்டகை, மளிகை, பால் கடை எல்லாம் அதில் இருந்தன. கோடைக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் தீவுகளிலேயே குடியிருந்தார்கள். 1950களின் நடுவில் மெட்ரோ என்ற பெருநகர நிர்வாகம் தீவுகளைக் கையிலெடுத்து, எல்லாருக்குமான பூங்காவாக்குகிறோம் என்று வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. அப்போதைய பூங்கா ஆணையர் டாமி தாம்ப்சன், புல்லின் மேல் தயவுசெய்து நடவுங்கள் என்று பலகை வைத்த மனிதர். புல்லைத் தொடாதே என்று மிரட்டும் பலகைகளின் காலத்தில் அது பெரிய தாராளம். ஆனால் புல்லின் மேல் நடப்பவனுக்குப் பசிக்கும் என்கிற இடத்தில் யோசனை நின்றுபோனது. தெரு போனால் ஒன்றோடொன்று போட்டிபோடும் கடைகள் போகும். அதற்குப் பதில் வருவது குத்தகை. குத்தகைக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு கடை இல்லை, வாடிக்கையாளர் திரும்பி வந்தாக வேண்டிய கட்டாயமில்லை, வியாபாரம் மே முதல் செப்டம்பர் வரை மட்டும், அதிலும் மழை பெய்தால் அன்று ஈ ஓட்ட வேண்டியதுதான். உறைபெட்டிச் சிக்கன்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கறிவேப்பிலை தாளித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்கு அத்தாட்சிபோல, கிழக்கு முனையான வார்ட்ஸ் தீவுக்கு நடந்துபோனால் காட்சி மாறுகிறது. இடிப்புக்குத் தப்பிய வீடுகள் அங்கும் பக்கத்து அல்கான்குவின் தீவிலும் சுமார் 260 இருக்கின்றன. 1980 ஜூலையில் வெளியேற்ற வந்த ஷெரிஃபைக் குடியிருப்பவர்கள் பாலத்தருகே கூடி மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1993இல் மாகாணச் சட்டம் வந்து 99 வருடக் குத்தகை கிடைத்தது. அவர்கள் குடியிருக்கும் பக்கம் ஒரு தோட்டத்துக் காபிக்கடையில் அன்று நல்ல சூப்பும், கடித்தால் சத்தம் வருகிற ரொட்டியும் கிடைத்தன. அக்கம்பக்கத்தார் தினமும் வந்து சாப்பிடும் இடம். பரிமாறுகிறவரை அவர்கள் பேர்சொல்லி அழைக்கிறார்கள். அந்த முகங்களுக்கு முன்னால் மோசமான சூப்பை வைத்துவிட்டு மறுநாள் கடை திறப்பது கஷ்டம்.

மறுகரைக்கு வருவோம். 501ஆம் எண் ட்ராமில் குயின் தெரு வழியாகக் கிழக்கே கடைசிவரை போனால் ‘தி பீச்சஸ்’ என்ற பகுதி. ஆஷ்பிரிட்ஜஸ் விரிகுடாவிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டருக்குப் பலகை பாவிய நடைபாதை. 1920இல் கட்டிய வெள்ளை மரக் காவல்கோபுரம் ஒன்று மணலில் நிற்கிறது; லூட்டி உயிர்காப்பு நிலையம். ஓவியர்கள் அதை வரைந்து அலுக்கவில்லை. நாய்கள், சைக்கிள்கள், வாலிபால் வலைகள். ஒரு தெரு தள்ளி குயின் தெருவில் நல்ல கடைகள் இருக்கின்றன. மணலுக்குள் அவை இறங்கி வர முடியாது.

ஏன் முடியாது என்பது டொராண்டோ அரசியலில் பிரபலமான கதை. இந்தக் கரையில் உணவும் பானமும் விற்கும் தனியுரிமை 1980களிலிருந்தே ஒரே நிறுவனத்திடம் இருந்தது. குத்தகை முடிகிற நேரத்தில், ஏலம் விடாமல் இன்னும் 20 ஆண்டுகளுக்கு நீட்டிக்க மாநகர சபை முடிவெடுத்தது. தெருவில் கூச்சல் எழுந்தது. 2010 மேயர் தேர்தலில் ராப் ஃபோர்டு இதையும் ஒரு பிரசாரப் பொருளாக்கி, ஜெயிக்கவும் செய்தார். ஒப்பந்தம் அசையவில்லை. இங்கே யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. லட்சக்கணக்கானோர் வந்துபோகும் கடற்கரையில், சரி, ஏரிக்கரையில், யார் எதைத் தின்னலாம் என்பதை இருபது வருடத்துக்கு முன்கூட்டியே ஒருவர் கையில் எழுதிக்கொடுத்தால் பலகையில் இருக்கும் பட்டியலும் அப்படியே உறைந்துதான் போகும்.

பட்டியலில் ஏன் எப்போதும் ஹாட் டாக் இருக்கிறது என்பதற்கும் வரலாறு உண்டு. ஒன்டாரியோவின் சுகாதார விதிப்படி 2007 வரை தெரு வண்டிகளில் ஏற்கெனவே வெந்த சாசேஜைத் தவிரப் பெரிதாக எதையும் சூடாக்கி விற்க முடியாது. உலகத்து அடுப்புகள் எல்லாம் குடியேறிய நகரத்தில் தெருவில் அனுமதி ஒரே ஒரு சாசேஜுக்கு. விதி தளர்ந்ததும், 2009இல் ‘டொராண்டோ அ லா கார்ட்’ என்று மாநகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. எட்டு வண்டிகள், பிரியாணி, பாட் தாய், இஞ்சேரா, ஜெர்க் சிக்கன். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் வண்டியை மாநகராட்சி சொன்ன மாதிரியில்தான் வாங்க வேண்டும், விலை சுமார் 30,000 டாலர், தள்ளவும் முடியாத கனம், நிற்க வேண்டிய இடத்தையும் அவர்களே சொல்வார்கள், பட்டியலில் ஒன்றை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். 2011இல் திட்டத்தை மூடினார்கள். வண்டிக்காரர்கள் கடனோடு வீடு திரும்பினார்கள். 2014இல் உணவு லாரிகளுக்குப் புதுவிதி வந்தபோது, திறந்திருக்கும் உணவகத்துக்கு 50 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்றார்கள்.

விதியே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. இதே ஏரிக்கரை மைதானத்தில் 1879 முதல் நடந்துவரும் கனடிய தேசியக் கண்காட்சியில், 2013இல் க்ரோநட் பர்கர் என்ற ஒரு விநோதத்தைத் தின்று இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி பேதியில் படுத்தார்கள். வருடத்தில் சுமார் மூன்று வாரம் நடக்கும் அந்தக் கண்காட்சிதான் கரையோரத்தில் உணவுக்குப் பஞ்சமில்லாத ஒரே இடம். அங்கே பிரச்சினை நேர் எதிரானது. கெட்ச்சப் ஐஸ்கிரீம்வரை விற்றுப்பார்த்துவிட்டார்கள்.

பீச்சஸின் கிழக்குக் கோடியில் ஆர். சி. ஹாரிஸ் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 1941இல் இயங்கத் தொடங்கியது. சலவைக்கல் கூடங்கள், வெண்கலக் கதவுகள், புல்சரிவின்மேல் ஓர் அரண்மனை. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாட்ஜே 1987இல் வெளியிட்ட ‘இன் த ஸ்கின் ஆஃப் எ லயன்’ நாவலில் இதைக் கட்டிய குடியேறிகளின் உழைப்பைக் கதையாக்கினார். பெருமந்தக் காலத்தில், தண்ணீர் சுத்தம் செய்யும் ஆலைக்கு இத்தனை அலங்காரமா என்று அதைக் கட்டவைத்த ஹாரிஸைத் திட்டியவர்கள் உண்டு. பொதுமக்களின் உபயோகத்துக்கு என்று கட்டுவது மட்டமாக இருக்கக் கூடாது என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். பிறகு வந்தவர்களுக்கு அந்த வியாதி ஒட்டவில்லை.

ஏனென்றால் அதே கரையில் கழிவறை என்பது செங்கல்லும் சிமென்ட்டுமான பழைய கொட்டகை. குளிர்காலத்துக்கு ஏற்றபடி குழாய்கள் பதிக்காததால் பூங்காக் கழிவறைகளில் பெரும்பாலானவை அக்டோபரில் மூடி மே மாதம்தான் திறக்கும். குடிநீர்க் குழாய்களும் அப்படியே. குளிர் நாடு, உறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதே நகரத்தில் வீட்டுக் குழாய்கள் சாதாரணமாக உறைவதில்லையே. 2020இன் பெருந்தொற்றுக் குளிர்காலத்தில், வீட்டுக்குள் கூடாதீர்கள், பூங்காவுக்குப் போங்கள் என்று சொன்ன பிறகுதான் போகிற இடத்தில் பூட்டு தொங்குவது எல்லாருக்கும் பெரிதாகத் தெரிந்தது. சிலவற்றைத் திறந்தார்கள், மற்ற இடங்களில் பிளாஸ்டிக் பெட்டிக் கழிவறைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெருமழை பெய்தால் நீச்சலும் கிடையாது. பழைய நகரத்தில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுவதால், நிரம்பி ஏரிக்குள் வழியும். நூறு மில்லிலிட்டர் நீரில் ஈ கோலை நூறைத் தாண்டினால் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பார்கள். பரிசோதனையில் மட்டும் டொராண்டோ யாருக்கும் சளைத்ததில்லை. இந்த அளவுகோல் மற்ற இடங்களில் இருப்பதைவிடக் கடுமையானது.

மேற்குப் பக்கம் விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சன்னிசைட் குளியல் மாளிகை 1922இல் கட்டியது. வளைவுகள் இன்னும் அழகு. அதைச் சுற்றியிருந்த கேளிக்கைப் பூங்காவை விரைவுச்சாலை விழுங்கிவிட்டது. அடுத்து ஒன்டாரியோ பிளேஸ். எபர்ஹார்டு சைட்லர் வடிவமைத்து 1971இல் திறந்த, நீர்மேல் நிற்கும் கூடங்களும் உருண்டைத் திரையரங்கமும் கொண்ட இடம். 2012இல் மாகாண அரசு மூடியது. இப்போது அதன் மேற்குத் தீவை 95 வருடக் குத்தகைக்கு ஒரு வெளிநாட்டு ஸ்பா நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியாயிற்று. கோர்ட், போராட்டம் எல்லாம் நடந்தது. இந்த ஊரில் கரைக்கு என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் யோசித்தால் ஒன்று ஆறிய உருளைக்கிழங்கு, இல்லாவிட்டால் கட்டணம் வைத்த கண்ணாடி மாளிகை. நடுவில், ஒரு தாத்தா பேரனோடு உட்கார்ந்து சூடாக ஏதாவது தின்கிற அளவுக்கு எளிய காரியம் யார் கண்ணிலும் படுவதில்லை. நகர மையத்தருகே 2010இல் வந்த சுகர் பீச் மட்டும் ஒரு விதிவிலக்குபோல் தோன்றியது. இளஞ்சிவப்புக் குடைகள், பக்கத்து ரெட்பாத் சர்க்கரை ஆலையிலிருந்து காற்றில் வரும் பாகு வாசனை. வாசனை இலவசம்.

செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் முடிந்ததும் ஊர் கோடைக்கு மூடுவிழா நடத்திவிடுகிறது. உயிர்காப்பாளர்கள் போய்விடுவார்கள், ஜன்னல் கடைகள் ஒவ்வொன்றாக இறங்கும். இதில் வேடிக்கை, ஏரி இளஞ்சூடாக இருப்பதே அப்போதுதான். அந்த வாரயிறுதி நண்பர் குடும்பத்தோடு பிளஃபர்ஸ் பார்க் போனோம். முன்பு சொன்ன, தீவுகளுக்கு மணல் கொடுத்த மலைச்சரிவு இது. சில இடங்களில் 90 மீட்டர்வரை செங்குத்தாக நிற்கும் வெளிறிய களிமண் மதில், அடியில் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். ப்ரிம்லி ரோடு செங்குத்தாக இறங்குகிறது. கோடையில் வண்டி நிறுத்துமிடம் நிரம்பியதும் மேலேயே மறித்துத் திருப்பிவிடுவார்கள். அதனால் காலையிலேயே கிளம்பினோம்.

இம்முறை கொள்கையை வீட்டில் வைத்துவிட்டேன். முந்திய நாளே ஒரு பிளாசாக் கடையில் நண்பர் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார், “நூறு இடியப்பம், சம்பல், சொதி.” அக்கா மட்டன் ரோல்ஸ் பொரித்திருந்தாள். கூல் பாக்ஸ் இரண்டு, பாய் ஒன்று, மடக்கு நாற்காலிகள், ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர். புல்வெளியில் இடம்பிடித்துச் சுற்றிப் பார்த்தால் எல்லாரும் அப்படியே வந்திருக்கிறார்கள். ஒரு ஆப்கன் குடும்பம் கபாபைக் கரியில் திருப்பிக்கொண்டிருந்தது. தமிழர்கள் நான்கைந்து கூட்டம், கோழிக்கால் வாட்டும் புகை. கரீபியன் பெண்மணி ஒருத்தி பெரிய சட்டியிலிருந்து சோறும் பயறும் எடுத்துவைத்தாள். மாநகராட்சியின் எட்டு வண்டிகளால் செய்ய முடியாததைக் கூல் பாக்ஸ்கள் ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்தன. எதிர்க் கூட்டத்துச் சிறுவன் எங்கள் ரோல்ஸையே பார்க்க, அக்கா இரண்டைக் கொடுத்தனுப்பினாள். பதிலுக்கு ஒரு தட்டுக் கபாப் வந்தது.

இங்கே ஒரு வரிசை நல்ல கடைகள் வைத்தால் எப்படியிருக்கும் என்று நான் ஆரம்பித்தேன். நண்பர் சிரித்தார்.

“நல்ல கடை வந்தா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறியள்? பார்க்கிங்குக்குக் காசைக் கூட்டுவான். பேந்து மேசைக்கும் காசு கேப்பான். இப்ப ஒருத்தரும் எங்களை ஒண்டும் கேக்கிறேல்லை. இருந்திட்டுப் போறம்.”

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. மேற்கே ஸ்பாவுக்கு வெட்டிய மரங்களை நினைத்தால் அவர் சொல்வது பிழையென்றும் சொல்ல முடியவில்லை. மோசமான கடை ஒருவிதக் காவல்; வியாபாரிகள் கண்ணில் படாதவரை இந்தப் புல்வெளி இவர்களுடையது. சென்னை மெரினாவில் சுண்டலும் மீன் வறுவலும் தாராளமாய்க் கிடைக்கின்றன, ஆனால் வண்டிக்காரர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வருடாவருடம் ஒரு சண்டை நடக்கிறது. ஒரே மாதிரி வண்டியை எல்லார் தலையிலும் கட்டும் யோசனை அங்கும் வந்ததுதான்.

நாங்கள் இருவரும் இப்படி நாகரிகத்தை அலசிக்கொண்டிருக்க, அக்கா குறுக்கிட்டாள்.

“உங்களுக்கென்ன, ஆம்பிளையள். கடை வந்தா வருது, வராட்டிப் போகுது. நான் இஞ்ச வாற நாளில விடியத் தேத்தண்ணியும் குடிக்காமல் எல்லோ வாறனான். முதல் அதைக் கட்டச் சொல்லுங்கோ.”

அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஃபிளாஸ்க் தேநீரை எங்கள் எல்லாருக்கும் ஊற்றியவள் தனக்கு ஊற்றவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரலாம். எந்த ஊர்க்காரரும் எந்தக் கூல் பாக்ஸிலும் கழிவறையைக் கொண்டுவர முடியாது. குடிமக்களால் ஈடுகட்ட முடிந்த குறையைப் பற்றி நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருந்தேன். ஈடுகட்ட முடியாதது மூன்று வரியில் இருந்தது.

மாலை நான்கு மணிவாக்கில் அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பெண்கள் பக்கம் வரிசை நடைபாதைவரை நின்றது, ஆண்கள் பக்கம் வழக்கம்போல் ஆளில்லை. பெட்டிக் கழிவறையின் பக்கம் போக அவளுக்கு மனமில்லை. இன்னும் நல்ல வெயில் இருக்கும்போதே பாயைச் சுருட்டினோம். ப்ரிம்லி ரோட்டில் வண்டி முக்கி ஏறியது. மேலே கிங்ஸ்டன் ரோட்டில் ஒரு காபிக்கடை. வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று கழிவறைக் கதவில் ஒட்டியிருந்தது. அக்கா உள்ளே போக, நாங்கள் இருவரும் வரிசையில் நின்று, ஒருவருக்கும் வேண்டாத இரண்டு காபிக்குக் காசு கொடுத்தோம்.